ஒரு மீட்டர் தட்டலில் கை ஏன் நடுங்குகிறது?

கோல்ஃப் ஆட்டத்தில் ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. 200 மீட்டர் தூரம் வானில் பறக்கும் அடிக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். குழிக்கு ஒரு முழம் முன்னால் கிடக்கும் பந்தை மெல்லத் தட்டி உள்ளே தள்ளுவதற்கும் எண்ணிக்கை ஒன்றுதான். மொத்தம் 18 குழிகள். எல்லாவற்றையும் யார் குறைவான அடிகளில் முடிக்கிறாரோ அவரே வெற்றியாளர். பெரும்பாலான திடல்களில் தேர்ந்த ஆட்டக்காரருக்கு 72 அடிகள் போதும் என்று வைத்திருப்பார்கள். அந்த 72-இல் குழிக்கு இரண்டு வீதம் 36 தட்டல்கள் அடங்கியிருக்கின்றன. சரிபாதி!

2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் கேவின் கிரீனும் கெல்லி டானும் ஆடியபோது உங்களில் சிலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் பகுதிக்குக் ‘கிரீன்’ என்று பெயர். அதில் பந்தை உருட்டப் பயன்படும் மட்டையைப் ‘பட்டர்’ என்பார்கள். தமிழில் எழுதினால் ரொட்டியில் தடவுவதுதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே இங்கே தட்டுமட்டை என்றே சொல்லிக்கொள்வோம்.

எங்கள் பள்ளியில் கணிதம் போதிக்கும் ஆசிரியர் ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். வார இறுதி ஆட்டக்காரர்தான், பரிசுக்காக ஆடுபவர் அல்லர். அவருடைய ஒரே இலட்சியம் 18 குழிகளையும் 100 அடிகளுக்குள் முடிப்பது. தூர அடிகள் ஓரளவு கைகூடின. ஆனால் கிரீனை அடைந்ததும் எல்லாம் கெட்டுவிடும். முதல் தட்டல் குழியைத் தாண்டி ஓடும், இரண்டாவது பாதியிலேயே நிற்கும், மூன்றாவதில்தான் பந்து விழும். அவர் எப்படி முன்னேறினார் என்பதில் உங்கள் இயற்பியல் பாடமும் உளவியலும் சேர்ந்தே இருக்கின்றன.

வேகம் கொஞ்சம், தூரம் நிறைய

உருளும் பந்தை நிறுத்துவது புல்லின் தடை. அந்தத் தடை ஏறக்குறைய மாறாதது என்று கொண்டால், பந்து ஓடும் தூரம் அதன் இயக்க ஆற்றலைப் பொறுத்தது. இயக்க ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் தூரம் நான்கு மடங்காகும். வேகம் 10 விழுக்காடு கூடினால் தூரம் 21 விழுக்காடு கூடும்.

இதைக் கிரீனில் வைத்துப் பாருங்கள். 3 மீட்டர் தட்டலில் வேகம் 10 விழுக்காடு கூடிவிட்டால் பந்து 63 செ.மீ. தாண்டிப் போகும். அதைத் திரும்பத் தட்டுவது எளிது. 10 மீட்டர் தட்டலில் அதே பிழை பந்தை 2.1 மீட்டர் தாண்டிக் கொண்டுபோய் விடும். அதாவது தூரத் தட்டலில் திசையைவிட வேகமே பெரிய சிக்கல். நம் ஆசிரியரோ பல மாதங்கள் திசையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். கோல்ஃப் கற்கும் பெரும்பாலோர் அப்படித்தான்.

எல்லாக் கிரீன்களும் ஒன்று போல இருப்பதில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஓக்மாண்ட் திடலில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். புகழ்பெற்ற வீரர் ஜீன் சாராசென் தட்டிய பந்து கிரீனிலேயே நிற்காமல் வழுக்கிக்கொண்டு மணற்பள்ளத்துக்குள் போய் விழுந்தது. கிரீன் அவ்வளவு வேகமானது என்பதை எப்படி அளந்து காட்டுவது? ஸ்டிம்ப்சன் எளிய கருவி ஒன்றைச் செய்தார். நீளமான சாய்வுப் பலகை, அதில் பந்தைப் பிடித்து வைக்க ஒரு குழிவு. பலகையை மெல்லத் தூக்கினால் சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானாக விடுபட்டு உருளும். தரையை அடையும்போது அதன் வேகம் எப்போதும் வினாடிக்குச் சுமார் 1.83 மீட்டர். பிறகு அது எத்தனை அடி தூரம் ஓடுகிறது என்று அளக்க வேண்டியதுதான். 10 அடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர் ஓடினால் அந்தக் கிரீனின் எண் 10. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1970-களில் இக்கருவியைச் சற்று மாற்றி அலுமினியத்தில் செய்தது. இன்றும் அவர் பெயரால் ‘ஸ்டிம்ப்மீட்டர்’ என்றே அழைக்கிறார்கள்.

நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. இங்கே அதிகம் காணப்படும் பெர்முடா வகைப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்ந்த திசையிலேயே பந்தைத் தட்டினால் வேகமாக ஓடும். எதிர்த்துத் தட்டினால் தடுமாறும். நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: புல் பளபளவென்று தெரிந்தால் அது உங்களை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. காலைப் பனியும் மாலை மழையும் பந்தை இன்னும் மெதுவாக்கும்.

குழி சுருங்குமா?

குழியின் விட்டம் 10.8 செ.மீ., பந்தின் விட்டம் 4.27 செ.மீ. இடம் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகமாக வரும் பந்துக்குக் குழி சிறியதாகிவிடும். எப்படி?

குழியின் விளிம்பைத் தாண்டியதும் பந்து கீழே விழத் தொடங்குகிறது. எதிர் விளிம்பைத் தொடுவதற்குள் தன் ஆரத்தின் அளவுக்கு, அதாவது 2.1 செ.மீ. இறங்கிவிட்டால் அது தப்ப முடியாது. புவியீர்ப்பினால் 2.1 செ.மீ. விழ 0.066 வினாடி ஆகும். அதற்குள் பந்தின் மையம் 8.7 செ.மீ. மட்டுமே முன்னேறலாம். வகுத்துப் பாருங்கள்: வினாடிக்குச் சுமார் 1.3 மீட்டர். எதிர்ச் சுவரில் மோதித் துள்ளியும் பந்து உள்ளே விழலாம் என்பதால் உண்மையான எல்லை இன்னும் சற்று அதிகம். 1991-இல் பிரையன் ஹோம்ஸ் என்ற இயற்பியலாளர் வினாடிக்கு 1.63 மீட்டர் என்று கணக்கிட்டார். இது குழியின் நடுவே நேராக வரும் பந்துக்கு மட்டும். ஓரமாக வரும் பந்து குழியின் மேல் கடக்கும் தூரம் குறைவு. விழ நேரமும் குறைவு. ஆகவே அது இன்னும் மெதுவாக வந்தாக வேண்டும். மெல்ல வரும் பந்துக்கு முழுக் குழியும் திறந்திருக்கிறது, விரைந்து வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டும்தான்.

இது புரிந்த பிறகு நம் ஆசிரியர் பயிற்சியையே மாற்றிவிட்டார். முன்பெல்லாம் வீட்டுக் கூடத்தில் விரிப்பின் மேல் ஒரே இடத்திலிருந்து, 2 மீட்டர் தூரத்தில் உள்ள கோப்பையை நோக்கி ஐம்பது முறை தட்டுவார். இப்போது எந்த இரண்டு தட்டலும் ஒரே தூரமல்ல. 1 மீட்டர், பிறகு 4, பிறகு 2, பிறகு 3. குழிக்குப் பதிலாகப் பள்ளி அளவுகோலைத் தரையில் வைத்து, பந்து அதன் நீளத்துக்குள் நிற்கிறதா என்று பார்ப்பார். அவர் மனைவிக்கு அந்த விரிப்பின் மேல் என்ன கருத்து என்பதை நான் கேட்கவில்லை.

இப்படிக் கலந்து பயில்வதற்கு ஆதாரம் உண்டு. 1978-இல் கெர், பூத் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் 8 வயதுச் சிறுவர்கள் சிறு பைகளை இலக்கை நோக்கி எறிந்தார்கள். ஒரு குழு 3 அடி தூரத்திலேயே பயின்றது. மற்றொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் மட்டும் பயின்றது. கடைசியில் 3 அடி தூரத்துச் சோதனையில் எந்தக் குழு சிறப்பாக எறிந்தது என்று நினைக்கிறீர்கள்? 3 அடியில் ஒருமுறைகூடப் பயிலாத குழு! ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை அந்த ஓர் அசைவை மட்டும் சேமிக்கிறது. தூரம் மாறும்போது, ‘இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு விசை’ என்ற தொடர்பையே கற்றுக்கொள்கிறது என்பது இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம். திடலில் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

கை அறிந்ததை மனம் கெடுக்கும்போது

சில மாதங்களில் தட்டல்கள் குறையத் தொடங்கின. ஒரு சனிக்கிழமை 18-ஆவது குழியில் அவர் பந்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றது. அது உள்ளே போனால் 99. வாழ்க்கையில் முதல் முறை. வீட்டு விரிப்பில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய தட்டல் அது. குனிந்தார். மணிக்கட்டு மடங்குகிறதா, தோள் நேராக இருக்கிறதா, பிடி இறுகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பந்து குழியின் இடப்பக்கமாக ஓடிவிட்டது. அன்று 100. திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அவர் முகத்தைப் பார்த்து யாரும் கோல்ஃப் பற்றிக் கேட்கவில்லை.

நடந்தது என்ன? 1992-இல் ரிச் மாஸ்டர்ஸ் என்ற உளவியலாளர் கோல்ஃப் தட்டலையே வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு குழுவுக்குத் தட்டும் முறையை விதிகளாகக் கற்பித்தார். மற்றொரு குழுவுக்கு எந்த விதியும் சொல்லவில்லை. மேலும், தட்டும்போதே வாயால் ஆங்கில எழுத்துகளை ஒழுங்கின்றிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அவர்களால் தங்கள் அசைவைப் பற்றி யோசிக்கவே முடியவில்லை. இறுதியில் இரு குழுவுக்கும் மன அழுத்தம் தரும் சூழலை உருவாக்கினார். விதிகளோடு கற்றவர்கள் தடுமாறினார்கள். விதியின்றிக் கற்றவர்கள் தடுமாறவில்லை.

நன்கு பழகிய அசைவைச் சிறுமூளை உள்ளிட்ட பகுதிகள் நாம் கவனிக்காமலேயே நடத்துகின்றன. அழுத்தம் வரும்போது நாம் அதை மீண்டும் துண்டு துண்டாகப் பிரித்துக் கண்காணிக்கிறோம். மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எப்படி வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், தடுக்கும். பூப்பந்தில் கடைசிப் புள்ளிக்குச் சர்வீஸ் போடும் மாணவருக்கும், காற்பந்தில் பெனால்டி உதைக்கும் மாணவருக்கும் இதே கதைதான். (தேர்வு மண்டபத்தில் நடப்பது வேறு வகை. அங்கே கவலை உங்கள் தற்காலிக நினைவின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைத்துவிடாதீர்கள்.)

ஷான் பைலாக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2004-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். புதியவர்கள் நிதானமாகத் தட்டினால் நன்றாகத் தட்டுகிறார்கள். ஆனால் அனுபவசாலிகளை ‘வேகமாகத் தட்டுங்கள்’ என்று அவசரப்படுத்தினால் அவர்கள் இன்னும் நன்றாகத் தட்டுகிறார்கள்! யோசிக்க நேரமில்லாததே நன்மையாகிவிடுகிறது. ஆகவே, ‘யோசிக்காதே’ என்ற அறிவுரை தொடக்கநிலை மாணவருக்குப் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

கண்ணுக்கும் இதில் பங்குண்டு. கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், தேர்ந்த ஆட்டக்காரர்களின் பார்வை பந்தின் மீது அசையாமல் நிலைத்திருப்பதையும், பந்து கிளம்பிய பிறகும் அது இருந்த இடத்திலேயே கணநேரம் தங்குவதையும் பதிவு செய்தார். மற்றவர்களின் கண்கள் பந்துக்கும் குழிக்கும் மட்டைக்கும் இடையே அலைந்தன.

ஆனால் நம் ஆசிரியருக்கு மிகவும் உதவியது ஓர் எண் என்றுதான் நான் நினைக்கிறேன். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சுமார் 2.4 மீட்டர் தூரத்திலிருந்து தட்டும் பந்துகளில் பாதிதான் உள்ளே விழுகின்றன. உலகின் மிகச் சிறந்தவர்களுக்கே பாதி! அதே 2.4 மீட்டரில் தவறவிட்டதற்காக அவர் மட்டையைத் தரையில் குத்திக்கொண்டிருந்தார். இப்போது தவறினால் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த குழிக்கு நடக்கிறார். கோபம் அடுத்த அடிக்குப் பின்தொடர்வதில்லை. ஒரு சுற்றுக்கு 41 தட்டல்கள் எடுத்தவர் இப்போது 36, 37-இல் முடிக்கிறார். 100-ஐயும் தாண்டிக் கீழே வந்துவிட்டார். எப்போது என்று கேட்டால் தேதி, கிழமையோடு சொல்வார்.

நீங்களே சோதித்துப் பார்க்க கோல்ஃப் மட்டை தேவையில்லை. கெட்டியான அட்டையை நீளவாக்கில் மடித்து ‘வ’ போலக் குழிந்த சாய்தளம் ஒன்று செய்யுங்கள். ஒரு கோலிக்குண்டைத் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் வைத்து விடுங்கள், பிறகு 10 செ.மீ., பிறகு 20 செ.மீ. ஓடும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழவழப்பான தரையில் குண்டு சுவர் வரை ஓடிவிடும். குளியல் துண்டை விரித்து அதன் மேல் செய்யுங்கள். உயரம் இரட்டிப்பானால் தூரமும் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். ஆனால் வேகம் இரட்டிப்பாக உயரம் எத்தனை மடங்காக வேண்டும் என்று, குண்டை விடுவதற்கு முன்பே கணக்கிட்டு எழுதி வையுங்கள். அடுத்து, அதே துண்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, குண்டைக் கையால் உருட்டி அதன் மேல் நிறுத்தப் பாருங்கள். இருபது முறை தனியாக, இருபது முறை நண்பர்கள் நான்கு பேர் சுற்றி நின்று பார்க்கும்போது. இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள். நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவர்களுடைய எண்ணையும் எடுக்க வேண்டுமே.