இரவிற் கொல்வோர்

சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். 10 பருவங்களாய் அமைந்த வில்லிபாரதத்தின் இறுதியாகிய சௌப்திக பருவத்தைப் பாடஞ்சொல்லி முடித்திருந்த வேளை அது. "ஐயா, அசுவத்தாமனை மாத்திரம் நாம் ஏன் இவ்வளவு பழிக்கின்றோம்? நான் வாசிக்கும் ஆங்கில மாயக்கதைகளிலே இரவிற் கொல்வதையே தொழிலாக உடையோர் பலர் வருகின்றனர். அவர்களை வாசகர் வியக்கின்றார்களேயன்றிப் பழிக்கவில்லையே" என்றார். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அவர் தந்த தடித்த நூல்களை விடுமுறையில் வாசிக்கலானோம்.

முதலில் ரோல்கீன் எழுதிய 'மோதிரங்களின் தலைவன்'. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த இக்கதையிலே கறுப்புக் குதிரைவீரர் ஒன்பதின்மர் வருகின்றனர். முன்னொருகால் அவர்களும் மனிதரே. தீயோனாகிய சௌரன் அளித்த மோதிரங்களை அணிந்து, வலிமையும் நீண்ட வாழ்நாளும் பெற்று, படிப்படியாக உருவிழந்து, ஈற்றில் அவன் ஏவிய வழிச் செல்லும் நிழல்களாயினர். அவர்கள் தரிக்கும் கரிய அங்கி உள்ளிருக்கும் வெறுமைக்கு வடிவு கொடுப்பதற்கே. பிறீ என்னும் ஊர்ச் சத்திரத்திலே ஓரிரவு படுக்கைகள் வெட்டிக் கிழிக்கப்படுகின்றன. அவற்றில் உறங்கவேண்டியவர் வேறோர் அறையில் இருந்தமையால் உயிர் தப்பினர். பின்னர்க் குன்றொன்றின்மீது ஒன்பதின்மரின் தலைவன் புரோடோவைக் கத்தியாற் குத்துகின்றான். முறிந்த கத்தித்துணுக்கு இதயத்தை நோக்கி மெல்ல நகர்கின்றது. குத்துண்டவன் இறந்துபடுவதன்று, அவனும் ஒரு நிழலாய் மாறுவதே அதன் நோக்கம். கொலையினும் கொடிது இது.

றொபேட் ஜோர்டன் 1990 இல் தொடங்கி, 2007 இல் அவர் மறைந்தபின் பிரண்டன் சாண்டர்சன் 2013 இல் நிறைவுசெய்த 'காலச்சக்கரம்' 14 நூல்களைக் கொண்டது. (அத்தனையையும் எழுத்தெண்ணி வாசித்தோம் என்று சொல்லத் துணியோம்.) அதில் வரும் சாம்பல் மனிதர் தம் ஆன்மாவையே இருளின் தலைவனுக்கு ஒப்புக்கொடுத்தவர். அதனால் எதிரே நின்றாலும் பிறர் கண் அவர்மீது தங்காது வழுக்கிச் செல்லும். கற்பனை நன்று, ஆயினும் உள்ளே ஒருவருமில்லாத பாத்திரத்தின்மீது நமக்கு அச்சம் பிறக்கிறதேயன்றி வேறொன்றும் பிறக்கவில்லை.

ஜோர்ஜ் மார்ட்டின் 1996 இல் தொடங்கிய தொடரிலே வரும் முகமற்றோர் இவர்களினும் நுட்பமானவர். பிராவோஸ் என்னும் துறைமுக நகரில் அவர்களுக்கு ஒரு கோயிலுண்டு. இறந்தோர் முகங்களை அணிந்து எவராகவும் தோன்றுவர். மரணத்தை அவர்கள் தெய்வத்தின் கொடையென்பர். அவருள் ஒருவனாகிய ஜேக்கன், தீயினின்று மூன்று உயிர்களைக் காத்த ஆர்யா என்னும் சிறுமிக்கு ஈடாக மூன்று உயிர்களை வாங்கித் தருவதாக வாக்களிக்கின்றான். கொன்றவன் யார் என வினவின், 'ஒருவருமில்லை' என்பதே அவர்கள் சமயம் கற்பிக்கும் விடை.

இம்மூவகையாரும் கொலைத்தொழிலுக்கு உரிய விலையை முற்கூட்டியே செலுத்திவிட்டனர். உருவையோ ஆன்மாவையோ பெயரையோ கொடுத்துவிட்டே ஆயுதமாயினர். வாளைப் பழிப்பார் உண்டோ?

நிற்க. வியாச பாரதத்துக்கு வருவோம். அசுவத்தாமன் எதனையும் துறக்கவில்லை. படைக்கலம் நீத்திருந்த தந்தை கொல்லப்பட்ட துயரம் அவன் நெஞ்சில் எரிகின்றது. ஆலமரத்தில் உறங்கிய காகங்களை ஓர் ஆந்தை கொன்று குவிக்கக் கண்டு வழி தெரிந்துகொள்கின்றான். "இன்றிரவு உறங்கு, நாளைப் பொருவோம்" என மாமன் கிருபன் தடுத்தும் கேட்டானல்லன். பாசறை வாயிலிலே தன்னையே தீயில் ஆகுதியாக்க முனைய, சிவபெருமான் வாளொன்றை ஈந்து அவனுடலிற் புகுகின்றார். திட்டத்துய்மனை ஆயுதத்தாற் கொல்லாது மிதித்தே கொன்றான். திரௌபதியின் மைந்தர் ஐவரும் மாண்டனர்.

இங்கேதான் நாம் நின்று நோக்குதல் வேண்டும். தெய்வமே உடலிற் புகுந்திருந்தும், செய்தவன் தெய்வமென்று பாரதம் சொல்லித் தப்பிக்கொள்ளவில்லை. தலையிலிருந்த மணியை இழந்தவனும் அசுவத்தாமனே. 3000 ஆண்டுகள் துணையின்றி, எவரோடும் உரையாடலின்றி, இரத்தமும் சீழும் நாற அலைகவென்று கண்ணன் இட்ட சாபத்தைச் சுமந்தவனும் அவனே. விலை பின்னரே கேட்கப்பட்டது. கொடுப்பதற்கு அங்கே ஒருவன் இருந்தான்.

தவணை தொடங்கியதும் இதனையே அம்மாணவருக்குக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியாயின் ஆர்யா?" என்றார்.

நல்ல கேள்வி. முகமற்றோரிடம் கொலை பயிலச் சென்ற ஆர்யா, உடைமை அனைத்தையும் விடும்படி பணிக்கப்படுகின்றாள். மற்றெல்லாவற்றையும் கால்வாயில் எறிந்தவள், அண்ணன் முறையான ஜோன் தந்த சிறு வாளை மாத்திரம் எறிய மாட்டாது, கோயிற்படியின் அசைந்த கல்லொன்றின்கீழ் ஒளித்து வைக்கின்றாள். மார்ட்டினின் ஐந்தாம் நூல் 2011 இல் வெளிவந்தது. அந்நூல் முடியும் வரையிலும் வாள் அக்கல்லின்கீழேயே கிடக்கின்றது.