குணமா, நோயா?

நாயுடுபேட்டையிலிருந்து திருப்பதிக்குப் பஸ் ஏறினால் முதலில் காளஹஸ்தி வரும். தூங்காமல், தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டிருக்கும் மகனை அங்கே ராகு-கேது பரிகாரத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் உண்டு. பரிகாரம் செய்வதில் தப்பில்லை. பயணம் அங்கேயே முடிந்துவிடுவதுதான் தப்பு. அதே சாலையில் இன்னும் சுமார் 40 கிலோமீட்டர் போனால் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை.

"அவன் குணமே அப்படித்தான்" என்று சொல்லியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

யாரையும் நம்பாதவர், யாரோடும் ஒட்டாதவர், தொட்டதற்கெல்லாம் சகுனம் பார்ப்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்தக் குணங்கள் முற்றி வாழ்க்கையையே முடக்கும் நிலைக்கு மருத்துவத்தில் 'ஸ்கிசோடைப்பல்' என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதை ஆளுமைக் கோளாறுகளில் வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ மனச்சிதைவு நோயின் பக்கத்தில் வைக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களின் ரத்த உறவுகளிடம் இது கூடுதலாகக் காணப்படுவதும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் இந்தச் சுபாவக்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை.

இருபது வருஷமாகச் சந்தேகப்படுகிறவர் வேறு. போன மாதம்வரை கலகலப்பாக இருந்துவிட்டு, இன்று சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளுகிறவர் வேறு. சிக்கல், முதல் ஆளுக்கே இரண்டாவது நிலை வரும்போதுதான். பழைய சந்தேகம் என்றே வீடு நினைத்துக்கொள்ளும். இல்லாத குரல் கேட்பது, தூக்கம் கெடுவது, வேலையையோ படிப்பையோ கைவிடுவது ஆகியவை புதிதாகத் தலைகாட்டினால் காத்திருக்கக் கூடாது. கஞ்சாப் பழக்கமும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வதும் கடினமாகிறது.

சிகிச்சைக்குப் பதிலாகக் கட்டிப்போடுவதும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை ஆறு மாதம்வரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அதே சட்டம் 'ஒரு மாதிரி' ஆட்களுக்கும் காவல். ஊர் வழக்கத்தோடோ மதநம்பிக்கையோடோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முத்திரை குத்த முடியாது. நோய் உறுதியானாலும், நீதிமன்றம் சொல்லாமல் அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கருத முடியாது. சொத்துக்காக அண்ணனைப் பைத்தியமாக்கப் பார்க்கும் தம்பிகள் கவனிக்கவும்.

அரசு மனநல சிகிச்சை பெறுவது உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது இலவசம். சட்ட உதவியும் இலவசமாகவே கிடைக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416க்கு அழைக்கலாம். 'டெலி மானஸ்' என்ற இந்த அரசு உதவி எண்ணில் 24 மணி நேரமும் தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம்.