உங்க பைக்குக்கு ஒரு லெட்டர்!

காதல் கடிதம் அட்ரஸ் மாறிப் போனால் கல்யாணம்தான் நிற்கும். எனக்கு வரவேண்டிய ஒரு கடிதம் அட்ரஸ் மாறிப் போனதில், என் பைக் நிற்காமல் போகப் பார்த்தது!

சேலம் ஐந்து ரோடு பக்கம் எனக்கு ஆபீஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் செகண்ட் ஹாண்டில் பைக் வாங்கினேன். டி.என். 28 நம்பர். பணத்தைக் கொடுத்தேன், சாவியை வாங்கினேன். ஆர்.சி.யில் பேர் மாற்றுவது மட்டும் 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' லிஸ்ட்டில் சேர்ந்தது. அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

போன மாசம் அண்ணனிடமிருந்து போன். "தம்பி, நல்லா இருக்கீங்களா? வண்டிக் கம்பெனியிலிருந்து உங்க பைக்குக்கு ஒரு லெட்டர் வந்திருக்குதுங்க. முன் பிரேக்குல ஏதோ சாமான் சரியில்லையாம். சும்மாவே மாத்தித் தர்றாங்களாம்."

"எப்ப வந்துச்சுங்கண்ணா?"

"அது ஆச்சுங்க ரெண்டு மாசம். வீட்டுல அது பின்னாடி பால் கணக்கு எழுதிட்டாங்க. கணக்குப் பார்க்கறப்பத்தான் திருப்பிப் பார்த்தேன்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே முன் பிரேக் பொதபொதவென்றுதான் அமுங்கியது. ரெண்டு தடவை அழுத்தினால் பிடிக்கும். 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று எனக்கு நானே மெக்கானிக் ஆகியிருந்தேன். முந்தின ஞாயிறுதான் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ராசிபுரம் மாமியார் வீட்டுக்குப் போனேன். மல்லூர் தாண்டியதும் முன்னால் போன லாரி சடாரென்று பிரேக் போட... இரண்டாவது அழுத்தலில்தான் வண்டி நின்றது. லாரிக்குப் பின்னால் எழுதியிருந்த 'ஸ்டாப்'பை அவ்வளவு கிட்டத்தில் நான் படித்ததே இல்லை!

"ரீகால் பண்றான்னா மட்டமான கம்பெனின்னு அர்த்தம்" என்றார் ஆபீஸ் நண்பர். அப்படியில்லை சார். நம்ம சென்னை ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. வெளியில் வாங்கிய இக்னிஷன் காயிலில் கோளாறு. அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்கூட ஆகலாம் என்று கம்பெனியே சொன்னது. நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. ஆனால் அந்தப் பத்தில் ஒன்று யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று சோதிக்காமல் தெரியாதே! அதே செப்டம்பரில் மாருதி சுஸுகியும் 1,81,754 பெட்ரோல் கார்களை அழைத்தது.

2012-ல் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி கம்பெனிகள் தாங்களாகவே அழைத்து வந்தன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவு சேர்ந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல். இனி அரசே உத்தரவு போடலாம். போட்டால் கம்பெனி சரிசெய்து தரணும். அல்லது வேறு வண்டி தரணும். அல்லது பணத்தைத் திருப்பணும். அபராதம் தனி.

அண்ணன் லெட்டரை வாட்ஸப்பில் அனுப்பினார் - பால் கணக்குப் பக்கத்தையும் சேர்த்து! ஓட்டத் தைரியமில்லாமல் சர்வீஸ் சென்டர்வரை தள்ளிக்கொண்டே போனேன்.

"லெட்டர் வேண்டாம் சார், சேஸிஸ் நம்பர் சொல்லுங்க." சொன்னேன். பதினேழு எழுத்து. "நாமக்கல்காரர் பேர்ல இருக்கே... பரவாயில்லை, வேலை வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை."

நாற்பது நிமிஷம். பில்லில் மொத்தம்: பூஜ்யம். பிரேம் போட்டு மாட்டலாம்!

செகண்ட் ஹாண்ட் வண்டி ஓட்டும் நண்பர்களே, லெட்டர் முதலில் வாங்கியவரைத் தேடித்தான் போகும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் காட்டி 'ரீகால் இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் போன் நம்பரையும் பதியச் சொல்லுங்கள். பேர் மாற்ற, வாங்கியவருக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். எனக்கு ஆனது மூன்று வருஷம்.

நன்றி சொல்ல அண்ணனுக்குப் போன் போட்டேன். "எங்க ஊர் டிரைவருங்க லாரியை எடுக்கறதுக்கு முன்னாடி டயரைத் தட்டிப் பார்ப்பாங்க தம்பி. உங்களுக்குப் பிரேக்கே தட்டிச் சொல்லியிருக்குது, நீங்கதான் கேக்கல" என்றார்.

நாளைக்கு லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறேன். 'அடுத்த வாரம்' ஒருவழியாக வந்துவிட்டது.