உங்களுக்குத் தெரியுமா? குரூப் 4 விடைகள், ஆலங்குடிப் பக்கத்திலேயே!

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கையேட்டில் கோடு போட்டு மனப்பாடம் செய்கிற விடைகளில் பல, ஆலங்குடியிலிருந்து ஒரு பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரத்தில் இருக்கின்றன. கண்ணால் பார்த்த இடத்தோடு சேர்த்துப் படித்தது தேர்வு அறையில் சட்டென்று நினைவுக்கு வரும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்த முறை துணுக்குகள் எல்லாம் நம்ம பக்கத்தைச் சுற்றியே.

★

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குவோம். குருபகவானுக்குப் பரிகாரம் செய்யக் கூட்டம் கூட்டமாகப் போகிற ஆலங்குடி, திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் வட்டத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது ஆபத்சகாயேசுவரர் கோயில். புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வேறு ஊர், வட்டத் தலைநகர். நவக்கிரகத் தலங்களை மாவட்டத்தோடு பொருத்தச் சொன்னால் இங்கேதான் பலர் தவறுவார்கள். சங்கப் புலவர் வரிசையில் ஆலங்குடி வங்கனார் என்று ஒருவர் இருக்கிறார். குறுந்தொகையில் அவர் பாட்டு உண்டு.

★

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு மொத்தமே மூன்று தாலுகாக்கள்: ஆலங்குடி, குளத்தூர், திருமயம். நாடு விடுதலை பெற்றது 1947 ஆகஸ்டில். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது 1948 மார்ச் 3-ல். அப்போது அது திருச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில். இந்த இரண்டு தேதிகளையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மன்னர் இராஜகோபாலத் தொண்டைமான்.

★

அந்தச் சமஸ்தானத்துக்குச் சொந்தக் காசும் இருந்தது. பெயர் அம்மன் காசு. சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்கு வழங்கியிருக்கிறார்கள்.

★

தேர்தல் தொடர்பாக ஒரு கேள்வி: ஒரே மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடப்பது எங்கே? புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். 2008-ம் ஆண்டு தொகுதி மறுவரையறைக்கு முன்பு ‘புதுக்கோட்டை’ என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. மறுவரையறையில் அது இல்லாமல் போனது. ஆலங்குடியும் திருமயமும் சிவகங்கைக்குப் போயின. அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு. விராலிமலை கரூருக்கு. தங்கள் மாவட்டத்தின் பெயர் சொல்ல ஒரு நாடாளுமன்றத் தொகுதி இல்லையே என்ற ஆதங்கம் இங்கே இன்னும் தணியவில்லை. அது நியாயமான ஆதங்கம் என்றே எனக்கும் படுகிறது.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் அரசியலமைப்புப் பாடமும் கூடவே வந்துவிடும். மக்களவைத் தொகுதி மறுவரையறைக்குச் சட்டப்பிரிவு 82, சட்டமன்றத்துக்கு 170. மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கையை 2026-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை மாற்றாமல் நிறுத்திவைத்தது 84-வது திருத்தம்.

★

வெள்ளாறு எங்கே கடலில் கலக்கிறது? எந்த வெள்ளாறு என்று முதலில் கேளுங்கள். கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டையில் கலப்பது வடவெள்ளாறு. புதுக்கோட்டை வழியாக ஓடி மணமேல்குடி அருகே கடலுக்குப் போவது தென்வெள்ளாறு. பழைய காலத்தில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை இந்தத் தென்வெள்ளாறுதான்.

★

ஆலங்குடிக்குப் பக்கத்தில் வம்பன். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ‘வம்பன் 8’, ‘வம்பன் 11’ என்று விதைக்கடையில் கேட்டு வாங்குகிற உளுந்து ரகங்கள் அங்கே பிறந்தவை. பெயரில் ‘தேசிய’ இருப்பதால் இந்தியப் பயறு வகை ஆராய்ச்சி நிறுவனத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது இருப்பது உத்தரப் பிரதேசத்துக் கான்பூரில்.

அந்த ரகங்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? உளுந்தின் பெரிய எதிரி மஞ்சள் தேமல் நோய். அது வைரஸ் நோய். ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தூக்கிக்கொண்டு போவது வெள்ளை ஈ. இலை மஞ்சள் பூத்துவிட்டால் காய் பிடிக்காது. அந்த நோயைத் தாங்கி நிற்பதுதான் புதிய வம்பன் ரகங்களின் பலம்.

உளுந்து வயல் பக்கம் போனால் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகு அளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை அங்கே உட்கார்ந்துதான் செடிக்கு உணவாக மாற்றிக் கொடுக்கிறது. சிவப்பு நிறத்துக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். அது ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைத்து, நைட்ரஜனைப் பிடிக்கிற நொதி கெடாமல் காக்கிறது. உள்ளே சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். நெல் அறுத்த வயலில் உளுந்து போடச் சொல்வதன் அறிவியல் இது. ‘ரைசோபியம் – வேர் முடிச்சு’ என்று பத்து முறை எழுதிப் படிப்பதைவிட ஒரு செடியைப் பிடுங்கிப் பார்ப்பது மேல்.

ஐ.நா. அறிவித்த சர்வதேசப் பயறு ஆண்டு 2016. உலகப் பயறு தினம் பிப்ரவரி 10.

★

தமிழ்நாட்டின் மாநிலப் பழம் எது? மாம்பழம் என்று விடை குறித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பலாதான். கீரமங்கலம், வடகாடு, மாங்காடு பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தவறவிடவே கூடாது. சீசனில் கமிஷன் கடை வாசலில் மலை போலக் குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

தாவரவியல் கேள்வியும் அதே பழத்துக்குள் இருக்கிறது. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளக்கும்போது நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றிச் சுளைகள், சுளைகளுக்கு இடையே சடை. அந்த நடுத்தண்டுதான் பூக்கள் எல்லாம் ஒட்டியிருந்த மஞ்சரியின் அச்சு. ஒவ்வொரு சுளையும் கருவுற்ற ஒரு பூ. நாம் பிய்த்து மாட்டுக்குப் போடுகிற சடை, கருவுறாமல் போன பூக்கள். ஆக, ஒரு முழு மஞ்சரியே சேர்ந்து ஒரு பழமாகிறது. அதனால் பலா கூட்டுக்கனி. சீத்தாப்பழம் அப்படியல்ல. அது ஒரே பூவின் பல சூலகங்களிலிருந்து வருவது, அதனால் திரள்கனி. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது வினாத்தாள் எடுப்பவருக்கு மிகவும் பிடித்த வேலை.

மீதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: மாநில மரம் பனை, மலர் செங்காந்தள், பறவை மரகதப்புறா, விலங்கு வரையாடு, பட்டாம்பூச்சி தமிழ் மறவன், விளையாட்டு கபடி.

★

நெடுவாசல் என்ற பெயர் 2017 பிப்ரவரியில் நாடு முழுக்கக் கேட்டது. ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததும், பச்சைப் பசேல் என்று தோப்பும் வயலுமாக இருக்கிற அந்த ஊர் மக்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். வயலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த அந்தப் பெண்களை மறந்துவிட்டு இந்தத் துணுக்கைப் படிக்க முடியாது.

தேர்வுக்கு இதில் இரண்டு செய்திகள். ஒன்று, அதிகாரப் பங்கீடு: எண்ணெய் வயல்கள் மத்தியப் பட்டியலில் வருகின்றன (பதிவு 53). வேளாண்மை மாநிலப் பட்டியலில் வருகிறது (பதிவு 14). ஒரே வயலின் மேல்மண் ஒரு பட்டியலில், அடியில் இருப்பது இன்னொரு பட்டியலில். சிக்கலே அங்கேதான். இரண்டு, 2020-ல் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டா மாவட்டங்களோடு நிற்காமல், கடலூரில் ஐந்து வட்டாரங்களையும் புதுக்கோட்டையில் ஐந்து வட்டாரங்களையும் அது சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டையின் ஐந்து: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, கறம்பக்குடி, திருவரங்குளம். ஆலங்குடிப் பகுதி திருவரங்குளம் ஒன்றியத்தில்தான் வருகிறது.

★

நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தைக் கட்டியது யார்? பெயரைப் பார்த்து விஜயாலய சோழன் என்று சொல்லத் தோன்றும். கோயில் கல்வெட்டோ சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையரைச் சொல்கிறது, முத்தரையர் குலத்தவர். மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் சீர் செய்தார் என்றும் அதே கல்வெட்டில் இருக்கிறது.

சித்தன்னவாசல் ஓவியமும் இப்படித்தான். மகேந்திரவர்மப் பல்லவன் காலம் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குகைக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அது 9-ம் நூற்றாண்டு. மலையின் மேலே ஏழடிப்பட்டத்தில் இருக்கும் தமிழ் பிராமிக் கல்வெட்டு அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில் இருக்கிறது; எழுதியவர் உருத்திராச்சாரியாரின் மாணவரான ஒரு மன்னர்.

★

1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் காட்டில். தூக்கிலிட்டது கயத்தாற்றில், அக்டோபர் 16.

★

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தது 1886 ஜூலை 30. அதே ஆண்டு மார்ச்சில்தான் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அதனால் ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்ற கேள்விக்கு முத்துலட்சுமி ரெட்டி விடை இல்லை. அவருக்கு உரிய ‘முதல்’கள் வேறு. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டும் படித்த இடத்தில் சேர்ந்த முதல் பெண். 1927-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமனமாகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கி வைத்த போராட்டம் சட்டமாக முடிந்தது 1947-ல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954. இத்தனையும் ஒரே வாழ்நாளில்.

திருமயத்தில் 1887-ல் பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. காமராசரின் அரசியல் குரு, சென்னை மேயர். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான்.

★

உங்களுக்குத் தேர்வு வைக்கிற டி.என்.பி.எஸ்.சி. பற்றியே ஒரு கேள்வி வந்தால்? 1929-ல் சென்னைப் பணியாளர் தேர்வாணையமாகத் தொடங்கியது; மாகாணங்களில் இப்படி ஓர் அமைப்பு முதலில் வந்தது இங்கேதான். அரசியலமைப்பில் 315 முதல் 323 வரையான பிரிவுகள். தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பவர் ஆளுநர். பதவி நீக்கம் செய்பவர் ஆளுநர் அல்லர், குடியரசுத் தலைவர் (பிரிவு 317). நியமித்தவரே நீக்க முடிந்தால் ஆணையம் அச்சமின்றி இயங்க முடியாது. காரணத்தோடு படித்தால் விடை மாறாது.

கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கும் ஒரு தேதி உண்டு. கர்ணம், மணியம் என்று பரம்பரையாக வந்த வேலைகளை 1980 நவம்பர் 14-ல் ஓர் அவசரச் சட்டம் ஒழித்தது. ஒரு காலத்தில் அப்பா மணியக்காரர் என்றால் மகனும் மணியக்காரர். இன்று யாருடைய பிள்ளையும் எழுதலாம். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகள் இந்தத் தேதியைக் கொஞ்சம் பெருமையோடு படிக்கலாம்.

குரூப் 4-ல் 200 வினா, 3 மணி நேரம். ஒரு வினாவுக்கு 54 விநாடி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தெரியாத வினாவில் ஐந்தாவது வட்டத்தை, அதாவது ‘விடை தெரியவில்லை’ என்பதை நிரப்புவதற்கு முன், நிச்சயம் இல்லை என்று தெரிகிற இரண்டு விடைகளை அடித்துவிட்டுப் பாருங்கள்.

★

சைக்கிளுக்கும் எழுத்தறிவுக்கும் என்ன தொடர்பு? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத்தந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும் ஆம்பளையை எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆனது. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதினார். அந்தக் கட்டுரையின் இந்தி வடிவம் மத்தியப் பாடத்திட்டத்து எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பாடமாகவும் இடம்பெற்றது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்திருந்தது. குழந்தையை உட்காரவைக்க முன்னால் ஒரு கம்பி இருக்கிறதே!