மழைக்காலத்தில் விழிஞம்: மீனவர் கிராமத்தில் ஒரு பகல்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகருக்கு வருவோருக்குப் பயணக் கையேடுகள் தவறாமல் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடற்கரைப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதே அது. கோவளத்தில் குளிக்க விரும்புவோருக்கு அது சரியான யோசனைதான். ஆனால், கோவளத்தை அடுத்து, சுமார் 3 கி.மீ. தொலைவில் உள்ள விழிஞத்தின் உண்மையான முகத்தைக் காண வேண்டுமெனில் அந்த மாதங்களில்தான் புறப்பட வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இம்மாவட்டத்தின் திறந்த மணற்கரைகளிலிருந்து படகைக் கடலுக்குள் தள்ளுவது உயிரைப் பணயம் வைக்கும் செயலாகும். பாறை முனைகள் சூழ்ந்த விழிஞம் விரிகுடாவிலும், அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்திலும் நீர் ஓரளவு அடங்கி நிற்கும். எனவே பூந்துறை, புல்லுவிளை போன்ற ஊர்களின் மீனவர்களும் தங்கள் படகு, வலைகளுடன் இங்கு வந்து விடுகின்றனர். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்களுக்கு கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. வெளிப்புற இயந்திரம் பொருத்திய பாரம்பரியப் படகுகளுக்கு இத்தடை பொருந்தாது. மற்ற துறைமுகங்கள் ஓய்ந்து கிடக்கும் வேளையில் விழிஞம் விழித்துக் கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நகரின் கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞத்துக்கு அரசுப் பேருந்துகள் உள்ளன. தொலைவு சுமார் 16 கி.மீ.தான் என்பதால் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். நாளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவ மீனவர்களும் வெள்ளிக்கிழமைகளில் முஸ்லிம் மீனவர்களும் பெரும்பாலும் கடலுக்குச் செல்வதில்லை. விடுமுறை நாளாயிற்றே என்று ஞாயிறன்று வருவோர், கரையேற்றிய படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையும் முந்தைய நாள் மாலையிலேயே பார்த்துக் கொள்வது நல்லது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், எச்சரிக்கை எட்டுமுன்பே கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. விழிஞமும் பூந்துறையும் அந்த இழப்பை இன்னும் மறக்கவில்லை.

படகு கரை சேர்ந்ததும் மீன் ஏலம் தொடங்கிவிடும். கணவாய், வாளை, நெத்திலி என மணலில் கொட்டப்படும் குவியலைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். ஏலம் கூறுபவர் மூச்சுவிடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார். புதியவர்களுக்கு எண் எதுவும் விளங்காது. அதற்குள் குவியல் கைமாறியிருக்கும். இங்கு ஒன்றிரண்டு மீன் வாங்க முற்படுவது வியாபாரத்துக்கு இடையூறு. ஏலத்தில் எடுத்த மீனைச் சற்றுத் தள்ளி அமர்ந்து சில்லறையாக விற்கும் பெண்களிடம் வாங்குவதே முறை. படம் எடுப்பதாக இருந்தால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் வேடிக்கைப் பொருள்கள் அல்லர்; அன்றைய முதலைத் திரும்ப எடுக்க வேண்டிய கவலையில் இருப்பவர்கள்.

கூடையுடன் வரும் இப்பெண்களைப் பேருந்துகளில் ஏற்ற மறுக்கும் நிலை நெடுங்காலம் இருந்தது. அவர்களுக்கென 'சமுத்ரா' என்ற பெயரில் இலவசப் பேருந்துகளைக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021-ல் அறிமுகப்படுத்தியது.

ஏலம் ஓய்ந்த பிறகு ஊரைச் சுற்றலாம். துறைமுகத்துக்கு அருகே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குடைவரைக் கோயில் உள்ளது. உள்ளே வீணாதர தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் முற்றுப்பெறாத சிவன் உருவங்கள். தொல்லியல் துறையின் பலகை இல்லையெனில் கவனிக்காமலே கடந்துவிடுவோம். ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய இவ்வூரின் மீது பாண்டியரும், பின்னர் ராஜராஜ சோழனின் படைகளும் போர் தொடுத்தமையைச் செப்பேடுகள் கூறுகின்றன. கடலிலிருந்து மின்சாரம் எடுக்க சென்னை ஐ.ஐ.டி. 1991-ல் சோதனை முறையில் அலைமின் நிலையம் அமைத்ததும் இங்குதான்.

அந்த மன்னர்கள் விரும்பிய ஆழ்கடல்தான் இன்றைய சர்ச்சைக்கும் வேர். மீன்பிடித் துறைமுகத்தை அடுத்து எழுந்துள்ள சர்வதேசச் சரக்குத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஊரின் எப்பக்கத்திலிருந்தும் தெரிகின்றன. அதானி குழுமத்துடன் 2015-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஏறத்தாழ 3 கி.மீ. நீளமுள்ள அலைதடுப்புச் சுவருக்கான பாறைகளில் ஒரு பகுதி தமிழகத்தின் மலைகளிலிருந்து வந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

இச்சுவரால் வடக்கேயுள்ள கரைகள் அரிக்கப்படுகின்றன என்பது மீனவர்களின் குற்றச்சாட்டு. இயற்கையான மாற்றங்களும் புயல்களுமே காரணம் என்பது துறைமுகத் தரப்பின் பதில். வீடுகளைக் கடலுக்குப் பறிகொடுத்து, வலியதுறையில் சிமென்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு இந்த வாதம் ஆறுதல் தரவில்லை. 2022 ஆகஸ்டில் துறைமுக வாயிலில் தொடங்கிய முற்றுகை டிசம்பர் 6-ம் தேதிதான் கைவிடப்பட்டது.

புதிய துறைமுகம் இன்னொரு கவலையையும் கொண்டு வந்தது. விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற கப்பல் 2025 மே 25-ல் 640 கொள்கலன்களுடன் மூழ்கியது. மாலுமிகள் அனைவரும் மீட்கப்பட்டனர். ஆனால், பிளாஸ்டிக் குருணைகள் இம்மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. மீன் உண்ணலாமா என்ற அச்சம் பரவியபோது, பருவமழை தொடங்கிவிட்டிருந்தது. ஓராண்டின் வருமானத்தை எதிர்நோக்கி விழிஞத்தில் படகுகள் கூடும் காலம் அது.

மாலைப் பேருந்தில் மீன் கொண்டுவர எண்ணுவோர், பனிக்கட்டியுடன் இறுக மூடக்கூடிய பெட்டி ஒன்றைக் காலையிலேயே எடுத்துச் செல்லட்டும். நீர் சொட்டும் பையுடன் ஏறினால் சக பயணிகளின் முகச்சுளிப்பு நிச்சயம். கூடைக்காரப் பெண்கள் காலங்காலமாகக் கண்ட முகச்சுளிப்புதான் அதுவும்.