சாக்கடையில் நஞ்சு கலந்தால் சுத்திகரிப்பு நிலையம் என்ன ஆகும்?

நம் வீட்டுக் கழிவுநீர் குழாய் வழியே போய்ச் சேரும் இடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அங்கே பெரும்பாலான வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். நீரில் கரைந்துள்ள அழுக்கைத் தின்றே அவை வாழ்கின்றன. மோட்டார்கள் அவற்றுக்குக் காற்றை ஊதிக் கொடுக்கின்றன. ஆகவே நிலையத்துக்குள் கடும் நஞ்சு வந்தால், இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை நின்றுபோகலாம்.

இப்படி உண்மையிலேயே நடந்திருக்கிறதா? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஓஹியோ ஆற்றங்கரையில் உள்ள லூயிவில் நகரில் 1977 மார்ச்சில் நடந்தது. கழிவு அகற்றும் தொழிலில் இருந்த ஒருவர் பூச்சிக்கொல்லித் தயாரிப்பில் பயன்படும் ரசாயனக் கழிவைப் பாதாளச் சாக்கடையில் கொட்டினார். அதில் முக்கியமானது ஹெக்ஸாகுளோரோ சைக்ளோபென்டாடையீன் (கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், எண்ணெய் போன்ற திரவம்). அதைச் சுருக்கமாக ‘ஹெக்ஸா’ என்பார்கள். நகரின் மோரிஸ் ஃபோர்மன் நிலையம் மார்ச் 29 அன்று மூடப்பட்டது. மறுபடி திறக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று.

தண்ணீரை விட்டுக் கழுவித் தள்ளியிருக்கலாமே என்று தோன்றும். ஹெக்ஸா தண்ணீரில் எளிதில் கரையாது, தண்ணீரைவிடக் கனமானதும்கூட. அதனால் குழாயின் அடியிலும் தொட்டிகளின் மண்ணிலும் படிந்துவிட்டது. குப்பையைத் தடுக்கும் கம்பிச் சல்லடையில் பிசின்போல ஒட்டியிருந்ததை ஊழியர்கள் நீராவி பாய்ச்சி அகற்றப் பார்த்தார்கள். சூடு பட்டதும் அது ஆவியாகி, நீல நிறப் புகைமூட்டமாக எழுந்தது. பலர் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. பின்னர் 145 ஊழியர்களிடம் விசாரித்தபோது, 59 சதவீதம் பேர் கண் எரிச்சலையும் 45 சதவீதம் பேர் தலைவலியையும் சொன்னார்கள்.

எனவே முதல் விதி இது: வந்தது என்னவென்று தெரியும்வரை சுத்தம் செய்யத் தொடங்கக் கூடாது. ஆட்களை வெளியேற்றி, மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் பெயரைக் கண்டறிந்த பிறகுதான் தகுந்த சுவாசக் கருவியோடு உள்ளே போக வேண்டும்.

நிலையத்தை மூடினால் நகரத்தின் கழிவுநீர் எங்கே போகும்? இதுதான் பெரிய சங்கடம். சாக்கடைக்குப் பூட்டுப் போட முடியாது. லூயிவில்லில் நாளொன்றுக்குச் சுமார் 38 கோடி லிட்டர் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓஹியோ ஆற்றில் விடப்பட்டது. அதே ஆற்றை நம்பித்தான் கீழே எவன்ஸ்வில் போன்ற ஊர்கள் குடிநீர் எடுக்கின்றன. ஒருவர் கொட்டியதன் விலையை ஆற்றோரம் கீழே இருப்பவர்களும் கொடுக்க நேர்கிறது.

அடுத்து, நஞ்சு எந்த வழியாக வந்தது என்று தேட வேண்டும். நிலையத்திலிருந்து பின்னோக்கி, மேன்ஹோல் மேன்ஹோலாகக் காற்றையும் அடிமண்ணையும் சோதித்துக்கொண்டே போவார்கள். வாடை எந்தக் கிளையில் நிற்கிறதோ, அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். லூயிவில் வழக்கில் குற்றவாளிக்கு 2 ஆண்டு சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

தொட்டியில் தேங்கிய கசட்டை என்ன செய்வது? சாதாரண நாளில் பல ஊர்களில் அதை வயலுக்கு உரமாகக் கொடுப்பார்கள். நஞ்சு கலந்த கசட்டை அப்படிக் கொடுக்கவே கூடாது. அதை அபாயக் கழிவாகத் தனியே எடுத்து, அதற்கென்று உள்ள இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

செத்த நுண்ணுயிர்களை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? உறைமோர் விட்டுப் பாலைத் தயிராக்குவது போலத்தான். நன்றாக ஓடும் வேறொரு நிலையத்தின் கசட்டை லாரியில் கொண்டுவந்து தொட்டியில் விடுவார்கள். அதற்கு முன், வரும் கழிவுநீரைக் கொஞ்சமாக எடுத்து அந்தக் கசட்டோடு கலந்து பார்ப்பது நல்லது. அதில் உயிர்கள் பிழைத்தால், தொட்டிக்குச் சிறிது சிறிதாகக் கழிவுநீரைத் திறந்துவிடலாம்.

எத்தனை நாளில் சரியாகும்? சாதாரண அழுக்கைத் தின்னும் உயிர்கள் விரைவில் பெருகிவிடும். அம்மோனியாவை (சிறுநீரிலிருந்து வரும், மீன்களைக் கொல்லக்கூடிய பொருள்) மாற்றும் உயிர்கள் மெதுவாகத்தான் வளரும். நஞ்சுக்குச் சட்டென்று மடிபவையும் அவையே. அதனால் வெளியேறும் நீர் பார்க்கத் தெளிவாகிவிட்டாலும், அம்மோனியா குறைய வாரக்கணக்கில் ஆகலாம். கண்ணை நம்பாமல் சோதனை முடிவை நம்புங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே சிறிய நிலையம் இருக்கிறதே, நஞ்சு வந்ததை எப்படி அறிவது என்கிறீர்களா? வழக்கமான மண்வாசனை மாறி ரசாயன வாடை வரும். வெள்ளை நுரை பொங்கும். வெளியேறும் நீர் கலங்கும். தொட்டி நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் திடீரென்று கூடினாலும் மகிழ வேண்டாம். மூச்சுவிட ஆளில்லாததால்தான் அது மிஞ்சியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம்.

உடனே என்ன செய்யலாம்? தின்னர், பெட்ரோல் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். இது வீண் பயமல்ல. அதே லூயிவில்லில் 1981 பிப்ரவரி 13 அன்று, சாக்கடைக்குள் சேர்ந்த ஹெக்ஸேன் (எளிதில் தீப்பற்றும் எண்ணெய்க் கரைப்பான்) ஆவி வெடித்து, இரண்டு மைலுக்கும் அதிகமான தெருக்கள் பிளந்தன.

அப்படிப்பட்ட வாடை இல்லையென்றால், வரும் நீரைச் சேமிப்புத் தொட்டியிலேயே தேக்கி, நுண்ணுயிர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்துங்கள். காற்று ஊதுவது தொடரட்டும். நேரத்தைக் குறித்து, ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துவையுங்கள். சோதனை முடியும்வரை சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு விட வேண்டாம். என்ன அவசரமானாலும் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சாக்கடையையோ கழிவுத் தொட்டியையோ சுத்தம் செய்ய வைப்பது இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் ஒரு பாட்டில் ஊற்றினால் அவ்வளவு பெரிய கேடா? நகரத்தின் பெரிய நிலையம் அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஐம்பது வீட்டு நிலையமோ உங்கள் வீட்டுச் செப்டிக் டேங்கோ தாங்காது. மிச்சமான பூச்சிமருந்து, பெயின்ட் தின்னர், எஞ்சின் ஆயில் ஆகியவற்றைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய டப்பாவில் தனியாக வைத்து, அபாயக் கழிவு என்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு உங்களையே முதலில் தாக்கும். இரவில் டேங்கர் லாரி மேன்ஹோலைத் திறந்து எதையாவது இறக்குவதைப் பார்த்தால், வண்டி எண்ணைக் குறித்து உள்ளாட்சி அலுவலகத்துக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ அன்றே சொல்லுங்கள். நஞ்சு நிலையத்தை எட்டும் முன் தகவல் போனால், தொட்டியில் உள்ள உயிர்களைக் காப்பாற்ற வழியிருக்கிறது.