தை பிறந்தும் பூக்காத மாமரம்... பாலக்கோடு தோப்புகளுக்கு என்ன ஆச்சு?

பாலக்கோடு என்றதும் பலருக்கும் தக்காளி மார்க்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், ஊரைத் தாண்டி காரிமங்கலம் பக்கம் போனால் மாந்தோப்புகளும் கண்ணில் படும். பெங்களூரா என்கிற கிளிமூக்கு, செந்தூரா, நீலம் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கே மாங்காய்தான் பெரிய வருமானம்.

மார்கழி, தை மாதங்களில் தோப்புக்காரர்கள் பார்ப்பது கிளை நுனியைத்தான். பூ வருகிறதா, செந்நிறத் துளிர் வருகிறதா? பூ என்றால் அந்த வருஷம் காசு. துளிர் என்றால் வெறும் இலை.

இதை முடிவு செய்வது எது? அறுவடை முடிந்து மழைக்காலத்தில் விடும் கிளை, சில மாதங்கள் முற்ற வேண்டும். பிறகு மழை ஓய்ந்து மண் காய வேண்டும். இரவில் 15 டிகிரியை ஒட்டிக் குளிர் இறங்கி, சில வாரங்கள் நீடிக்க வேண்டும். அப்போதுதான் நுனி மொட்டு பூவாக மாறும். மழை டிசம்பர் வரை இழுத்தாலோ, இரவுகள் குளிராமல் போனாலோ மரம் மறுபடி இலை விடக் கிளம்பிவிடும்.

சிக்கல் இங்கேதான். 1901-க்குப் பிறகு இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024 என்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. அதிலும் பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பம்தான் அதிகம் கூடியிருக்கிறது. இயல்பைவிட 0.9 டிகிரி! நமக்கு இது ஃபேன் வேகத்தைக் கூட்டுகிற விஷயம். மாமரத்துக்கு, பூக்கச் சொல்லும் தகவலே வந்து சேராத மாதிரி.

பூக்காமல் போவதைவிட, தவணை முறையில் பூப்பது இன்னும் தலைவலி. ஒரே மரத்தில் ஒரு கிளையில் பிஞ்சு, ஒரு கிளையில் பூ, இன்னொன்றில் துளிர் இருக்கும். தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கலாமென்றால், பூவில் மகரந்தச் சேர்க்கை செய்கிற ஈக்களும் தேனீக்களும் சேர்ந்து சாகும். தாமதமாகப் பூத்தது ஏப்ரல் வெயிலில் பிஞ்சாக மாட்டிக்கொள்ளும். அதிலும் தப்பியது ஜூலை மழையில் பழுத்தால் பழ ஈ காத்திருக்கும். நம் வீட்டு ஜாடிக்கு மாவடு தாமதமாக வருவதும் இந்தக் கணக்கில்தான்.

பல தோப்புகளைப் பூ பார்த்துத்தான் குத்தகைக்கு விடுகிறார்கள். வியாபாரி வந்து பார்க்கும் நாளில் பாதி மரம் பச்சையாக நின்றால், பேசும் விலையும் பாதிதான். பின்னால் பூத்துக் காய்த்தால் லாபம் குத்தகைக்காரருக்கு. உதிர்ந்தால் நஷ்டமும் அவருக்கே. ஒருவிதத்தில் இது வானிலை மேல் கட்டும் பந்தயம்.

2024 கோடை வெயிலில் இந்தப் பகுதியில் விளைச்சல் படுத்துவிட்டது. அதே வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஆனாலும் 2025-ல் காய் நன்றாகவே பிடித்தது. மழை பெய்தாலே போச்சு என்று சொல்லிவிட முடியாது. பிறகு குளிர் வந்ததா என்பதும் முக்கியம். கொடுமை என்னவென்றால், அந்த வருஷம் கிளிமூக்கு விலை கிலோ 5 ரூபாய் அளவுக்குச் சரிந்தது.

சரி, என்ன செய்யலாம்? அறுவடை முடிந்ததும் கவாத்து செய்தால் துளிர் சீக்கிரம் வந்து, குளிருக்கு முன்பே முற்றிவிடும். நவம்பர், டிசம்பரில் தண்ணீர் கட்டக் கூடாது. பிப்ரவரி வரை பூக்காத மரத்துக்கு, லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து தெளிக்கலாம். மாமரத்தை இப்படிப் பூக்க வைக்கலாம் என்று 1970-களில் காட்டியவர் பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி ராமோன் பார்பா. ஆனால், இலை முற்றாத கிளையில் தெளித்தால் பலன் இருக்காது. 'கல்டார்' மருந்தைப் பொறுத்தவரை, பக்கத்துத் தோப்பைப் பார்த்து நாமும் ஊற்றுவது ஆபத்து. அளவு மீறினால் மரமே குறுகிப்போகும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையத்தில் மரத்தின் வயதைச் சொல்லி, அளவைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.